வேலிக்கு எடுத்த அளவு

காலையில் கொல்லைப்பக்கம் அளவு டேப் இழுபடும் சத்தம் கேட்டதுமே மீனலோசனி ஜன்னலுக்கு ஓடினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை.

தம்போய் ஊரில் அந்த வீட்டு நிலம் முழுக்க அவள் பெயரில்தான் இருந்தது. புருஷன் போன பிறகு, கொழுந்தன் குகநாதனைப் படிக்கவைத்து, கல்யாணம் முடித்து, பாதி நிலத்தை எழுதியும் கொடுத்தாள். அவன் அதில் கட்டிய வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவேதான் இப்போது மரவேலி வரப்போகிறது. கேட்டவள் அவன் மனைவி வசந்தினி. காரணத்தை யாரும் இவளிடம் சொல்லவில்லை. வளர்த்தவளுக்கு அவ்வளவுதான் மரியாதை போலிருக்கிறது.

"எட்டடிக்கு ஒரு கால். ரெண்டு குறுக்குச் சட்டம். பலகை கொஞ்சம் கூடவே போடுங்க, ஆணி அடிக்கிறப்ப பிளந்துக்கும்" என்றாள் வசந்தினி.

குகநாதன் குனிந்து அளந்தான். ஜன்னலில் அண்ணி நிற்பது தெரிந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. மீனலோசனி உள்ளே போனாள், வெளியே வந்தாள், துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

சனிக்கிழமை லாரி வந்தது. வேலைக்கு வந்த மூர்த்தி முன்சுவரிலிருந்து பாதிவரை அடித்தார், பின்பக்கச் சாக்கடைக் கானிலிருந்து பாதிவரை அடித்தார். இரண்டு சமையலறைக் கதவுக்கும் நடுவில் ஓடும் சிமெண்டுப் பாதைக்கு வந்ததும் கையை விரித்தார்.

"கால் இல்ல, பலகையும் முடிஞ்சு போச்சு."

வசந்தினி தன் பக்கத்தில் நின்றபடியே மீனலோசனியிடம் கேட்டாள். "மரக்கடைக்காரர் உங்களுக்குத்தானக்கா போன் பண்ணாரு? குறைச்சு அனுப்பச் சொன்னீங்களா?"

"வீட்டுக்கு வழி கேட்டாருமா... அவ்ளோதான்."

"வீட்டையே உங்களுதுன்னு சொல்றவங்க, இதைச் சொல்ல மாட்டீங்களா? பக்கத்து வீட்டு பிரேமலாகிட்ட சொன்னதை என் காதால கேட்டேன். அந்த வீடும் நம்ம வீடுதான்னு... எழுதிக் கொடுத்துட்டுத் திரும்பக் கேப்பீங்களோன்னு எனக்கு ராத்திரியில தூக்கமில்ல."

மீனலோசனிக்கு அப்போதுதான் புரிந்தது. இதற்கா இத்தனையும்?

"அவங்க வாசலையும் ஏன் நீயே கூட்டுறேன்னு பிரேமலா கேட்டா. அதுக்குச் சொன்ன பதில்மா அது." அதோடு விடவில்லை. பின்பக்கம் போய், கட்டிலுக்கென்று வாங்கி வைத்திருந்த பலகைகளை இழுத்து வந்து போட்டாள். "மூர்த்தி, இதை வச்சு அடைச்சிடுங்க. நான் குறைச்சேன்னு ஒரு பேச்சு வேணாம்."

"அண்ணி, நில்லுங்க."

குகநாதன் டேப்போடு பாதையில் குந்தியிருந்தான். "முன்சுவர்ல இருந்து இந்தப் பாதை ஓரம் வரைக்கும் அளந்தேன். அப்புறம் அந்த ஓரத்துல இருந்து கான் வரைக்கும். ரெண்டையும் கூட்டிக் கடையில சொன்னேன். நடுவுல இதை அளக்கவே இல்ல, அண்ணி..." பாதையின் சிமெண்டைக் கையால் தடவினான். "தினம் நீங்க குழம்பு கொண்டு வர்ற வழி. இதை அடைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

மூர்த்தி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

வசந்தினி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதன் வழியாகவே வந்து மீனலோசனியின் தோளில் முகம் புதைத்தாள். "என்ன மன்னிச்சிருங்கக்கா... அரைகுறையாக் கேட்டுட்டு உங்கள என்னென்னமோ..."

மீனலோசனி அவளை இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, கோபம் மட்டும் இறங்கவில்லை.

"அழு, நல்லா அழு. ஆனா நாளையில இருந்து உன் வாசல நீயே கூட்டிக்கோ. நான் தொட மாட்டேன்."

"மிச்சத்துக்கு எத்தனை பலகைம்மா சொல்ல?" என்று திரும்பி வந்த மூர்த்தி தயங்கிக் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள் வசந்தினி.

மறுநாள் காலை மீனலோசனி விளக்குமாற்றோடு கதவைத் திறந்தாள். அவள் வாசலை யாரோ ஏற்கெனவே கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். சிமெண்டுப் பாதையில் ஈரக் காலடிகள் அந்த வீடுவரை போயிருந்தன.