இந்த நாளில் பிறந்தவர்

அட்டையில் வருடத்தைக் காணவில்லை.

அழித்திருந்தால் தடம் இருக்கும். ரப்பர் தேய்த்த இடம் சொரசொரப்பாக இருக்கும், மை கரைந்திருந்தால் நீலக் கறை நிற்கும். இங்கே நாளும் மாதமும் அவள் கையெழுத்தில் அப்படியே இருக்க, பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருந்த இடம் மட்டும், பிறந்ததிலிருந்து பேனா படாத காகிதம் போல வெளேரென்று கிடந்தது. அவள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குத் ‘தேதியம்மா’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ‘இந்த நாள்’ பத்தி அவள் பொறுப்பு. நான்கு நிகழ்ச்சி, மூன்று பிறப்பு. எரிமலை வெடித்தது, பாலம் திறந்தது, ராணி முடி துறந்தாள், வானத்தை அளந்தவர் பிறந்தார் என்று எல்லாம் அட்டை அட்டையாக, முந்நூற்று அறுபத்தாறு தடுப்புகள் கொண்ட இரும்பு அலமாரியில் இருக்கும். இன்று உட்கார்ந்து நாளைய தேதியை எடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். இது பிற்பகல் வேலை.

நாளைய தேதி எப்போதுமே வறண்ட தேதி. உலகத்தில் அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், கீழே வர வேண்டிய விளம்பரம் கடைசி நேரத்தில் நின்றுபோக, பத்தியில் ஒரு வரி காலியாகிவிட்டது. பக்கம் கட்டுபவர் வந்து நின்றார். நீள வரிகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டுவதால் அவருக்குக் ‘கத்திரி’ என்று பெயர்.

“தேதியம்மா, ஒரு வரி குடுங்க. ராஜாவா இருந்தாலும் சரி, ரவுடியா இருந்தாலும் சரி. பிறந்திருந்தா போதும்.”

அவள் இட்டுக்கட்டினாள். ‘ஊமைப் பூட்டுக்காரர்’ என்று அழைக்கப்பட்ட பூட்டுத் தொழிலாளி பிறந்தார். வாய்க்கு வந்த ஒரு வருடம். யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, தன் தாத்தா அவரிடம் பூட்டு வாங்கியிருக்கிறார் என்று ஒரு வாசகர் கடிதமே போட்டார். அவளும் கத்திரியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அதன் பிறகு அந்தத் தேதியில் இடம் மிஞ்சினால் பூட்டுக்காரருக்கு ஒரு வரி கூடும். குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே பிறந்தவர். பிறந்தபோது அழவில்லை. தலைமுடி நரைத்தே பிறந்தார். போன வருடம் எழுதியதுதான் கடைசி: அவரைப் பெற்ற அன்றே தாய் இறந்தார். அதை எழுதும்போது, இல்லாத அந்தப் பெண்ணுக்காக அவள் கண் லேசாகக் கலங்கக்கூடச் செய்தது.

எந்த வருடம் போட்டோம் என்று இப்போது நினைவுக்கு வரவில்லை. பழைய இதழ்களைக் கட்டி வைத்திருந்த அறைக்குப் போனாள். கோப்பில் சேர்வது மதியப் பதிப்புதான். காலைப் பதிப்பில் என்ன தப்பு வந்தாலும் பன்னிரண்டு மணிக்குள் திருத்திவிட்டால், திருத்தியதுதான் நிற்கும், முந்தியது நடக்காதது போல ஆகிவிடும். அது அந்த அலுவலகத்தின் வழக்கம். அவள் போன வருடக் கட்டைப் பிரித்தாள். அச்சிட்ட பத்தியில், பூட்டுக்காரருக்கு முன்னால், நான்கு எழுத்து அகலத்துக்கு வெள்ளை. அதற்கு முந்தின வருடம். வெள்ளை. ஏழு கட்டுகளிலும் வெள்ளை. பழைய காகிதத்தின் புளித்த வாடைக்கு நடுவே அப்போதுதான் அரம் போட்டுத் தேய்த்த இரும்பின் வாசனை வந்தது. அலமாரிகளுக்குப் பின்னால் எங்கோ, எண்ணெய் பார்க்காத தாழ்ப்பாள் ஒன்று மெல்ல நகர்ந்து நின்றது போல ஒரு ‘டக்’.

“வருஷம் இல்லாம இருக்கே?” என்றார் கத்திரி, அவள் கொடுத்ததைப் பார்த்து.

“மறந்துபோச்சுண்ணே. இந்தத் தடவை அவரை எடுத்துடலாமே.”

“எடுத்துட்டு அங்க என்ன உங்க தலையையா வைக்கிறது? பொய்க்கு வருஷம் ஒரு கேடு.” ஏழு வருடத்துக்கு முன்பு இருந்த சிரிப்பு அவரிடம் இல்லை. “போங்க, போய்ப் பொண்ணைக் கவனிங்க.”

மகளுக்கு முதல் பிரசவம். இன்னும் மூன்று வாரம் இருந்தது. மருமகன் கப்பலில். வீட்டில் தாயும் மகளும்தான்.

மறுநாள் காலை மகள் சமையலறை மேசையில் பேப்பரை விரித்துக்கொண்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, உன் பூட்டுக்காரருக்கு இன்னிக்குப் பிறந்தநாள். வாழ்த்துச் சொல்லலையா?”

“அதை மூடி வைடி. டீ ஆறுது.”

“பாவம்மா அவங்க அம்மா. பிள்ளை முகத்தையாவது பாத்திருப்பாளா?” என்றவள் நிறுத்தினாள். மேசை விளிம்பைப் பிடித்தாள். நாற்காலிக்கு அடியில் தரையில் தண்ணீர் பரவி, மெதுவாக, தாயின் பாதம் வரைக்கும் வந்தது.

வாடகைக் காரில் போகும்போது அவள் மகளின் வயிற்றில் கையை வைத்திருந்தாள். வெளியே வெயில், கடைகள் திறக்கும் சத்தம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல், எல்லாம் வழக்கம்போல இருந்தன. உள்ளங்கைக்குக் கீழே பிள்ளை புரண்டது. பிறகு உள்ளே ஏதோ நிதானமாகத் திரும்பி, பொருந்தி, ‘டக்’ என்றது. கைக்குக் கேட்டது. காதுக்கும் கேட்டது.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்லடா. மூச்சை இழுத்து விடு.”

மருத்துவமனையில் நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு அவளைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “மூணு வாரம் இருக்கே. அதுக்குள்ள என்ன அவசரம்?”

மூன்று வாரம் முன்பே. அவளே எழுதிய வரி.

பதினோரு மணி வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். பிறகு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நீண்ட நடைபாதை, பினாயில் வாடை, சுவரோரமாக வரிசையாகப் பெஞ்சுகள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஆறாம் பக்கம், அவள் பத்தி வரும் பக்கம். அவள் கடந்து போகப் போகத் தாள்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஒருவர்கூட அவளுக்கு உட்கார இடம் விடவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

நர்ஸ் கதவைப் பாதி திறந்தாள். “தலை தெரியுது. முடி வெள்ளையா இருக்கு. உங்க குடும்பத்துல யாருக்காவது அப்படி உண்டா?”

அவள் நெஞ்சுக்குள் கடைசி வரி மட்டும் ஓடியது. பெற்ற அன்றே தாய். பெற்ற அன்றே தாய். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மதியப் பதிப்பு. திருத்திவிட்டால் நடக்காதது போல ஆகிவிடும். பையைத் தலைகீழாகக் கொட்டிப் போனை எடுத்தாள்.

“அண்ணே, நான்தான். பூட்டுக்காரரோட கடைசி வரியை எடுத்துடுங்க. காரணம் கேக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“எத்தனை தடவை எடுக்கிறது?”

“என்ன?”

“பத்தே முக்காலுக்குத்தானே கூப்பிட்டு எடுக்கச் சொன்னீங்க. எடுத்தாச்சு. பதிலுக்கு ஒரு வரி சொன்னீங்க, அதையும் போட்டாச்சு. தகடு மெஷின்ல ஏறி ஓடிக்கிட்டு இருக்கு. இனிமே ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது.”

பத்தே முக்காலுக்கு அவளுடைய இரண்டு கையும் மகளின் கையில் இருந்தன. போன் பையில் இருந்தது.

“நான் கூப்பிடலண்ணே.”

“உங்க நம்பர். உங்க குரல். ஒரு மாதிரிதான் இருந்துச்சு, தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி. லைன் சரியில்லைன்னு நினைச்சேன்.”

“என்ன வரி? படிங்க.”

“உங்க வரியை உங்களுக்கே படிச்சுக் காட்டணுமாக்கும்.” காகிதம் சலசலத்தது. “‘கண் திறந்து அவர் முதலில் பார்த்த முகம், அன்று மாலைக்குள் மண்ணுக்குள் போனது.’ நல்லா வந்திருக்குன்னு நானே நினைச்சேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் அலறல் ஓங்கி, அறுந்து, நின்றது.

அழுகைச் சத்தம் வரவில்லை. நடைபாதையில் இருந்தவர்கள் தாள்களை மடித்து மடியில் வைத்தார்கள். காத்திருந்தார்கள். அப்போதும் வரவில்லை.

கதவு திறந்தது.

“உள்ள வாங்க. பேரன். தாய் நல்லா இருக்கு.” நர்ஸின் குரலில் எரிச்சல் இருந்தது. “அழலை. ஆனா மூச்சு சரியா இருக்கு. கண்ணைத்தான் திறக்க மாட்டேங்குது. யார் தூக்கினாலும் இறுக்கி மூடிக்குது. இப்படி நான் பாத்ததே இல்ல. தாய்கிட்ட குடுத்தா திறக்கும்.”

நர்ஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலை நோக்கி நடந்தாள்.

“குடுங்க.” அவள் குறுக்கே விழுந்தாள். “நான்தான் முதல்ல. குடுங்க.”

பிடுங்கினாள். துணிக்குள் கனமாக இருந்தது. வெள்ளை முடி ஈரத்தில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் முகத்தை அதன் முகத்துக்கு நேரே, மூச்சு படும் தூரத்தில் கொண்டுபோனாள். என்னைப் பார். வாய்க்குள் சொன்னாள். நான்தான் உன்னை எழுதினேன். என்னைப் பார்.

இமைகள் அசையவில்லை. மாறாக, உதடு மெல்ல வளைந்தது.

“அம்மா.” பின்னால் மகளின் குரல், சோர்ந்து, சந்தோஷமாக. “இங்க கொண்டாயேன்.”

குழந்தை தலையைத் திருப்பியது. பிறந்து ஐந்து நிமிடம் ஆகாத கழுத்து. நிதானமாக. பாட்டியின் தோளுக்கு மேலாக, குரல் வந்த பக்கம். இமை நெகிழ்ந்தது.

அவள் உள்ளங்கையால் அதன் கண்களைப் பொத்தினாள்.

“என்னம்மா பண்ற? மூச்சு முட்டப் போகுது.”

“ஏம்மா, கையை எடுங்க,” என்றாள் நர்ஸ், நெருங்கி வந்து.

எடுக்கவில்லை. எடுக்க முடியாது. இன்றைக்கு இல்லை. மாலை வரைக்கும் இல்லை. உள்ளங்கையில் இரண்டு இடத்தில் இமைமயிர் உரசியது. விலகியது. மறுபடி உரசியது. அவசரமே இல்லாமல்.

கட்டில் கிறீச்சிட்டது. மகள் எழுந்திருக்கிறாள். வெறுங்காலின் சத்தம், ஒன்று, இரண்டு. ஈரக்கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“கையை எடும்மா. என் பிள்ளை முகத்தை நான் பாக்கணும்.”