சித்தப்பாவுக்குத் தெரிந்த முடிவு

அந்தக் கடையில் இரண்டு நாற்காலிகள், இரண்டு கண்ணாடிகள், முடி வெட்ட அண்ணன் தம்பி இரண்டு பேர்; ஒரு சின்னப் பெண்ணுக்கு அப்பாவும் சித்தப்பாவும். அந்த இரண்டு பேருக்கும் தலைமுடி காதை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது!

சிரிக்காதீர்கள். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவர் தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியுமா? அப்பாவுக்குச் சித்தப்பா வெட்டுவார். சித்தப்பாவுக்கு அப்பா வெட்டுவார். இப்போது இருவருக்கும் பேச்சு நின்று ஒரு மாதம் ஆகிறது. பிறகு எங்கே வெட்டுவது?

நடந்தது இதுதான். ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குச் சித்தப்பா புது மாதிரியாக முடி வெட்டிக்கொண்டிருந்தார். பாதியில் அப்பா வந்து, "என்னடா கோலம் இது?" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கி, மீதியைத் தானே வெட்டிவிட்டார். கடை நிறைய ஆட்கள். சித்தப்பாவின் முகம் தொங்கிப்போய்விட்டது.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே தூது போவது அந்தச் சின்னப் பெண்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான். கடையில் எல்லோருக்கும் அவள் 'வாலு'.

"அந்த மகராசன்கிட்ட சொல்லு, என் சீப்பைத் தொட்டா நடக்கிறதே வேறன்னு!" என்பார் அப்பா.

வாலு நாலடி நடந்துபோய், "சித்தப்பா, அப்பாவுக்கு அந்தச் சீப்பு வேணுமாம். ப்ளீஸாம்" என்பாள்.

கொஞ்சம் சர்க்கரை தூவாமல் அவள் எந்தச் செய்தியையும் கொண்டுபோனதில்லை. ஆனாலும் என்ன பயன்? நாளையிலிருந்து சித்தப்பா கடைவீதியில் வேறொருவர் கடைக்கு வேலைக்குப் போகிறார். அவருடைய கத்தரிக்கோல்கள் எல்லாம் ஒரு பைக்குள் போய்விட்டன. அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் வாலுவுக்கு அழுகை அழுகையாக வந்தது.

இந்த லட்சணத்தில் கட்டுரை வேறு! நாளைக் காலையில் டீச்சரிடம் கொடுத்தாக வேண்டும். பாடப் புத்தகத்தில் ஒரு பழைய சோக நாடகம் இருந்தது. 'அதன் முடிவு உன் மனத்தை ஏன் வருத்துகிறது?' என்பது கேள்வி. முடிவைப் படித்திருந்தால்தானே வருத்தப்படுவதற்கு! அவள் முதல் பக்கத்திலேயே கொட்டாவி விட்டு மூடி வைத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அப்பாவின் நாற்காலியில் பேக்கரிக்காரர் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவின் நாற்காலி காலி.

"சித்தப்பா, ஒரு அண்ணன் ராஜா, ஒரு தம்பி, ஒரு கோட்டைக் கதவு. இந்த நாடகம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? எங்க ஸ்கூல் மைதானத்துல போட்டாங்களே!" ஒரு மாதம் கழித்துச் சித்தப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ரெண்டு பேருக்கும் சண்டை. அண்ணன் கதவைச் சாத்திடறான். தம்பி வெளியே கொட்டுற மழையில நிக்கிறான். இவன் கூப்பிட மாட்டேங்கிறான், அவன் போக மாட்டேங்கிறான். அவ்வளவு வீம்பு!"

"அப்புறம்?"

"விடியற நேரத்துல அண்ணனுக்கு மனசு கேக்கல. ஓடி வந்து கதவைத் திறக்கிறான். தம்பிக்குத் தலை துவட்டி விடறான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சுடச்சுடச் சாப்பிடறாங்க. சுபம்!"

வாலு பேனாவைக் கடித்தாள். "சோக நாடகம்னு போட்டிருக்கே?"

அப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு. முடிவு அது இல்ல."

"உங்கப்பாகிட்ட சொல்லு. அந்த முடிவை எனக்குச் சொன்னதே அவர்தான்!" என்றார் சித்தப்பா. "நான் நாடகத்துல பாதியிலேயே தூங்கிட்டேன். அவர்தான் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. வழியில கேட்டேன், சொன்னாரு. பின்னாடி பரீட்சையில இதே கேள்வி வந்துச்சு. அப்படியே எழுதினேன். வாத்தியார் முட்டை போட்டுட்டாரு. அவரோட சண்டைக்கே போயிட்டேன்."

"ஐயே! புத்தகத்தைப் பார்க்கலையா நீங்க?"

"எதுக்குப் பார்க்கணும்? எங்க அண்ணன் சொன்னதுக்கு மேலயா புத்தகம்?"

சவரக்கத்தி பிடித்திருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

வாலு அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தாள். "அண்ணன் தான் இறங்கி வராமல், தம்பியை அழைத்துவரத் தூதனை அனுப்பினான். தூதன் மழைக்கு ஒதுங்கி நின்றான். கதவு திறந்தபோது தம்பி..." அவள் குரல் இறங்கியது. "தம்பி உயிரோடு இல்லை."

சித்தப்பா எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"அடப் பாவமே!" என்றாள் வாலு. அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அந்த அண்ணனே இறங்கி வந்திருக்கலாம்ல? எதுக்கு நடுவுல ஒரு தூதன்?"

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வாலு, அவன்கிட்ட சொல்லு..."

வாலு எழுந்தாள். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். சித்தப்பாவின் பையைப் பார்த்தாள். திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மாட்டேன்பா. இன்னிக்கு எனக்கு லீவு. நீங்களே போய்ச் சொல்லுங்க. நாலடிதானே?"

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். நாலடி நடந்தார். அதற்கே அவருக்கு வேர்த்துவிட்டது.

"டேய், உனக்கு அப்போ ஏழு வயசு. என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, 'அண்ணே, அந்தத் தம்பி உள்ளே வந்துட்டானா?'ன்னு காதுல கேட்டே. நான் எப்படிடா இல்லன்னு சொல்லுவேன்?"

சித்தப்பா பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றார்.

"அண்ணே," என்றார் கடைசியில். ஒரு மாதத்தில் அவர் சொன்ன முதல் 'அண்ணே' அது. "அப்போ எனக்கு விழுந்த முட்டை?"

"அது எனக்கு விழ வேண்டியது."

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கத்தரியைப் பிடுங்கினது?"

"அதுவும் என் தப்புதான்டா. செஞ்சிருக்கக் கூடாது. நீ இல்லாம இந்தக் கடையில என்னால நிக்க முடியாது. போகாதே."

சொல்லிவிட்டு அப்பா, சித்தப்பாவின் நாற்காலியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். "வெட்டு. அந்த மாப்பிள்ளைக்கு வெட்டினியே, அதே மாதிரி!"

சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். பையைத் திறந்தார். கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் அடுக்கினார். வாலுவுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

திடீரென்று சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம். "அண்ணே, போன வாரம் சீப்பு கேட்டப்ப 'ப்ளீஸ்'னா சொல்லி அனுப்பினே?"

"நானா? ப்ளீஸா?"

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். வாலு புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"உன் பொண்ணாச்சே, உள்ளதை உள்ளபடி சொல்லிடுவாளா!" என்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எல்லாம் சந்தோஷம்தான்," என்றது ஒரு குரல். பேக்கரிக்காரர்! "என்னோட மீதிப் பாதி முகத்தையும் யாராவது கவனிங்கப்பா. நுரை காய்ஞ்சு போச்சு!"

சிரிப்பு அடங்கியதும் வாலு கேட்டாள். "சித்தப்பா, கட்டுரையில எந்த முடிவை எழுதட்டும்?"

"புத்தகத்துல இருக்கறதையே எழுது தாயே. நம்ம குடும்பத்துக்கு ஒரு முட்டை போதும்."

வாலு எழுதினாள். அந்த அண்ணன் நாலு படி இறங்கி வந்திருக்கலாம், அதுதான் என் மனத்தை வருத்துகிறது என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கதவு நேற்றுத் திறந்துவிட்டது.' டீச்சர் படிப்பது நாளைக்குத்தானே, அதனால் 'நேற்று'.

மறுநாள் டீச்சர் கட்டுரையை இரண்டு முறை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டார். "இது எந்தக் கதவும்மா?"

"எங்க கடைக் கதவு, டீச்சர்," என்றாள் வாலு. "இப்போ உள்ளே ரெண்டு பேரும் இருக்காங்க."