தலையோடு வந்த கிழங்கு

வெண்மணல் துறையில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், அந்தி மறையும் முன்பே முழு நிலவு எழுந்துவிட்டது. மேற்கே ஆறு வறண்டு வெறும் மணலாகக் கிடந்தாலும், முகத்துவாரத்துக் கழியில் கடல்நீர் ஏறி வெள்ளித் தகடாக மின்ன, அதன் கரையில் கோட்டை மதில் கறுத்து நின்றது. அழகான காட்சிதான். ஆனால் வாசகர்களே, அந்த ஊரில் அன்று நிலவைப் பார்க்க யாரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் கிழங்குக் கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருடமாக நெல் விளையவில்லை; குதிரில் மிஞ்சிய பழைய நெல்தான் சந்தையில் காசு. கடலுக்கு அப்பால் கடாரத்திலிருந்து கப்பலில் வரும் பெருவள்ளிக் கிழங்குதான் ஊரை உயிரோடு வைத்திருந்தது. போன மாதம் ஒரு நாழி நெல்லுக்கு இரண்டு கிழங்கு கொடுத்தார்கள்; இப்போது ஒரு கிழங்குக்கு நாலு நாழி கேட்டார்கள். கப்பல்கள் புயலில் மூழ்கிவிட்டன என்று வணிகர் தலைவர் கண்டன் செட்டியார் சபையில் கண்ணீர் விட்டார். துறைமுகத்துச் சுங்கத்தைத் தம்மிடம் விட்டால் கிழங்கு தடையின்றி வரும் என்றும் சொன்னார். மறுநாள் காலை அரசர் சுங்கத்தைக் கொடுக்கும் ஓலையில் முத்திரை வைக்கப்போகிறார்.

அந்தக் கண்ணீரை அரண்மனைக் காவல்படை உபதலைவன் ஐயாறன் நம்பவில்லை. அவன் எதையுமே எளிதில் நம்புகிறவன் அல்ல. கோயில் மடைப்பள்ளிக்குக் கிழங்கு வாங்கும் ஆளைப்போல அழுக்குத் துணி உடுத்து, கத்தியை இடுப்பில் மறைத்து, சந்தைக்குள் நுழைந்தான்.

சந்தையின் கடைக்கோடியில் ஒருத்தி பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய கூடையில் மிஞ்சியது நாலே கிழங்கு. ஐயாறன் ஒன்றை எடுத்தான், எடுத்தவன் திகைத்தான்.

அதற்குத் தலை இருந்தது.

கடாரத்தார் கிழங்கைத் தலை வெட்டித்தான் அனுப்புவார்கள். கொடி முளைப்பது தலையிலிருந்து. அதை வெட்டி, வெட்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசிவிட்டால் வாங்குகிறவன் தின்னலாம், நட முடியாது. அடுத்த வருடமும் அவர்களிடமே கையேந்த வேண்டும்.

"இது எங்கிருந்து வந்தது, பெண்ணே?"

"மண்ணிலிருந்து."

"எந்த மண்?"

"வாங்கவா வந்தீர், விசாரிக்கவா வந்தீர்? கிழங்கு வாங்குகிறவர் நகத்தால் கீறி வெள்ளையா என்று பார்ப்பார். நீர் உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறீர், எறிகல்லைப் பார்ப்பதுபோல. அரண்மனைச் சோறு தின்கிற கை ஐயா அது."

அவன் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அவள் சிரித்தாள்.

"கத்தி அங்கேயே இருக்கட்டும். இந்தக் கையைத்தான் மூன்று நாளாக எதிர்பார்த்தேன். படகு இருக்கிறது, வாரும்."

திருடியா? செட்டியார் விரித்த வலையா? படகில் அவள் துடுப்புப் போட, ஐயாறன் அவளுடைய முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழியின் நடுவே தாழை அடர்ந்த ஒரு திட்டு. பாம்புத் திட்டு என்று பெயர் வைத்து ஊரார் ஒதுங்கிப் போகும் இடம். கரையிறங்கித் தாழையைக் கடந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. நன்னீர் ஊற்று ஒன்று. அதைச் சுற்றி, நிலவொளியில், நூற்றுக்கணக்கான பூவரச மரங்களில் பெருவள்ளிக் கொடிகள் ஏறிப் படர்ந்திருந்தன.

மண்டியிட்டு, கத்தியால் ஒரு கொடியின் அடியைத் தோண்டினான். கையளவு கிழங்கு வந்தது. நகத்தால் கீறினான். வெள்ளை.

"யாருடைய தோட்டம் இது?"

"சபையில் கண்ணீர் விட்டவருடையது. தலைகளைக் கடாரத்திலிருந்து களவாகக் கொண்டுவந்து மூன்று வருடம் வளர்த்தார். கப்பல் எதுவும் மூழ்கவில்லை; வர வேண்டாம் என்று ஆள் அனுப்பி நிறுத்திவிட்டார். சுங்கம் கைக்கு வந்தால் வெளிக் கிழங்குக்குத் துறையை அடைப்பார். பிறகு ஊர் தின்பதெல்லாம் இவர் சொல்லும் விலைக்கு."

"இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வேம்பி. அவருடைய மகள்."

ஐயாறன் கிழங்கைத் துணியில் முடிந்துகொண்டான். விரல்களில் கிழங்கின் அரிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அரசரிடம் சொன்னால் உன் தகப்பனார் கழுவேறுவார். யார் காட்டியது என்று நான் சொல்லாமல் இருக்கலாம். அவ்வளவுதான் என்னால் முடியும்."

"வேண்டாம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்," என்றாள் வேம்பி. "வேறு யாரோ கண்டுபிடித்தால் அவர் துரோகி. மகளே தோட்டத்தை ஊருக்குக் கொடுத்தாள் என்றால், அந்தக் குடும்பத்துக்கு அரசர் ஏதாவது தந்தாக வேண்டும். நான் கேட்பது அவர் உயிர். எனக்கு அவர்மேல் பாசம் இல்லை, ஐயா. ஆனால் அவரைக் கொன்று கிடைக்கும் சோற்றை என்னால் தின்ன முடியாது."

இவள் சொல்வதில் இன்னும் எத்தனை மடிப்பு இருக்கிறதோ என்று அப்போதும் அவன் மனம் கேட்டது. இருந்தாலும் கத்தியைத் துடைத்து அவள் கையில் வைத்தான்.

"நாளை முத்திரை விழும் முன் இந்தக் கிழங்கைத் தலையோடு அரசர் முன் வைப்பேன். உன் பெயரையும் சொல்வேன். உன் தகப்பனார் உயிருக்கு அரசர் வாக்குத் தரும்வரை ஆயுதம் தொடமாட்டேன். தராவிட்டால் இந்தக் கத்தி உன்னிடமே இருக்கட்டும், எனக்கு உத்தியோகம் வேண்டாம். இது சத்தியம்."

வேம்பி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு துடுப்பை அவனிடம் நீட்டினாள். அரிக்கும் கையால் அதை வாங்கி, கோட்டையை நோக்கி அவன் வலிக்கத் தொடங்கினான். இம்முறை அவள்தான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.