மஞ்சள் பந்தின் சொந்தக்காரர்

மழை விட்டு இரண்டு நாளாகி வெயில் எட்டிப் பார்த்த காலையில் அவர் துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். தோளில் தொங்கிய கோல்ஃப் பையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார்.

"என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டாங்க சார். நான் ஏமாத்தலை. அதை நீங்கதான் நிரூபிக்கணும்."

துப்பறிவாளர் இன்னொரு நாற்காலியைக் காட்டினார். அவருடைய உதவியாளருக்கு ஊர் வைத்த பெயர் ‘அவசரம்’. நாற்பது வயதாகியும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வரும் பெண்மணி. "யார் சொன்னா? எப்போ? எதுக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

மாதத்தில் ஒரு நாள் கண்ணாடிக்கடைக்காரர் பஸ் பிடித்து ஆற்றங்கரை கோல்ஃப் மைதானத்துக்குப் போவார். பெரிய மரங்களுக்கு நடுவே தனியாக ஆடிவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். ஏழாம் குழிக்குப் பந்தை ஆற்றுக்கு மேலே அடிக்க வேண்டும். நேற்று அவர் அடித்த மஞ்சள் பந்து ஒரே அடியில் அந்தக் குழிக்குள் போய்விட்டது. பலருக்கு ஆயுள் முழுக்க ஆடினாலும் கிடைக்காத அடி அது. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜரோ ஆற்றோரச் சேற்றில் கிடைத்த வெள்ளைப் பந்து ஒன்றை நீட்டினார். அதிலும் இவருடைய அடையாளமான பச்சைப் புள்ளி இருந்தது.

"முதல் பந்து சேத்துல விழுந்துச்சு, ரெண்டாவதைக் கையால குழியில போட்டுட்டீங்கங்கறார். இனிமே வர வேண்டாமாம்."

"ரெண்டு பந்து எதுக்கு?" என்றார் துப்பறிவாளர்.

"அதை விடுங்க சார். அந்தப் பந்து தானா விழுந்துச்சான்னு மட்டும் பாருங்க."

அவர் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த மணிக்கட்டுகளுக்குக் கீழே இரண்டு கைகளும் வெளுத்திருந்தன.

மூவரும் பஸ்ஸில் போனார்கள். கண்ணாடிக்கடைக்காரர் பையை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மேனேஜர் கறாரானவர், கெட்டவர் அல்லர். ஆட்டத்தைப் பாதியில் விட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவருக்கு இடது கை மட்டும் வெளுத்திருந்தது.

"ஏமாத்தினது போதாதுன்னு குழியோட பின் விளிம்பையும் உடைச்சு வச்சிருக்கார். பந்தைத் திணிச்சப்ப உடைஞ்சிருக்கும்" என்றார்.

"கேஸ் முடிஞ்சுது சார், தப்பு நம்மாளு மேலதான்" என்று அவசரம் காதோடு சொன்னார்.

துப்பறிவாளர் உடைந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம், பந்தை வைத்து அடிக்கும் மேட்டுக்கு நடந்தார். மண் இன்னும் ஈரமாக இருந்தது. பந்து வைத்த இடத்துக்கு இடப்பக்கம் ஒரு ஜோடிக் காலடி, வலப்பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டும் ஒரே காலணியின் தடம், கண்ணாடிக்கடைக்காரர் போட்டிருந்ததே. கண்ணாடிக்கடைக்காரரின் பையைத் திறந்து பார்த்தார். ஒரு மட்டையின் முகம் மட்டும் மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

மேனேஜர் அறையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு துப்பறிவாளர் நிதானமாகத் தொடங்கினார்.

"கையால போட்ட பந்து விளிம்பை உடைக்காது. ஆத்தைத் தாண்டி வேகமா வந்த பந்துதான் பின் விளிம்புல மோதி உள்ள விழும். நீங்க சொன்ன குத்தமேதான் இவருக்குச் சாட்சி."

மேனேஜர் வெள்ளைப் பந்தை எடுத்து மேஜையில் வைத்தார். "சரி. அப்போ அந்த வெள்ளைப் பந்து?"

"இந்த ஆட்டத்துல ஒரு கைக்குத்தான் உறை போடுவாங்க, உங்களை மாதிரி. இவருக்கு ரெண்டு கையும் வெளுத்திருக்கு. பந்துக்கு ரெண்டு பக்கமும் இவர் காலடி. பையில இடது கைக்காரர் மட்டை. ஒரு பந்தை வலது கை ஆட்டக்காரரா அடிச்சார். இன்னொண்ணை இடது கைக்காரரா, வேற யாருக்காகவோ அடிச்சார்."

கண்ணாடிக்கடைக்காரர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மச்சானுக்காக" என்றார். "எப்பவும் நாங்க ரெண்டு பேரும்தான் வருவோம். இப்ப பக்கவாதம் வந்து, தூரத்துல மகன் வீட்டுல படுத்திருக்கான். பேச்சும் போச்சு. அவனோட மஞ்சள் பந்தையும் நானே அடிச்சுட்டு, சாயங்காலம் போன்ல யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லுவேன். மருமக போனை அவன் காதுல வச்சுப் பிடிச்சுக்கும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் அவசரம்.

"கூட இல்லாத ஆளோட ஆடறேன்னா சிரிக்க மாட்டீங்களா? எனக்கும் வேற யார் இருக்கா? இத்தனை நாளும் அவன்தான் ஜெயிச்சான்னு பொய்தான் சொன்னேன். நேத்து சொன்னது ஒண்ணுதான் நிஜம். அதைக் கேட்டுட்டு அவன் சிரிச்சான் சார். அதுவும் பொய்யாப் போயிடக் கூடாது."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஒருத்தரே ரெண்டு பந்து ஆடினா விதிப்படி செல்லாது. ஒரே அடியில குழியில போட்டவங்க பலகையில பேர் போட முடியாது. ஆனா நீங்க எப்பவும் போல வாங்க."

"பலகை வேண்டாம். நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா முழுசா நம்ப மாட்டான்."

போன் மேனேஜர் கைக்குப் போனது. "ஐயா, ஏழாம் குழி. உங்க மஞ்சள் பந்து ஒரே அடியில உள்ள போச்சு. உடைஞ்ச விளிம்பை நானே பார்த்தேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு கரகரவென்று ஒரு சிரிப்பு.

கண்ணாடிக்கடைக்காரர் போனை வாங்கிக்கொண்டார். "என் பந்து சேத்துல, மச்சான். தோத்தது நான்தான்."

திரும்பும் பஸ்ஸிலும் பை ஜன்னலோரம்தான் உட்கார்ந்தது. நல்ல கூட்டம். ஒருவர் வந்து அந்த இடத்தைக் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் பையை எடுக்கப் போனார்.

அதற்குள் அவசரம் முந்திக்கொண்டார். "அங்க ஆள் இருக்கு" என்று சொல்லி எழுந்து, தன் இடத்தை வந்தவருக்குக் கொடுத்தார்.