பெரிய சிஸ்டர் சொன்ன எழுத்துகள்

காலை ஏழு மணி ஐந்து நிமிடம். பகல் முழுக்கக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கட்டிலிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. போர்வையை விலக்கினாள். கிழவியின் நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை. உடம்போ ஜில்லிட்டுக் கிடந்தது.

"அம்மா! அம்மா!" கன்னத்தைத் தட்டினாள். பாதி திறந்த கண் எங்கேயோ பார்த்தது.

ஏழு இருபதுக்குத் தெருமுனை டாக்டர் வந்தார். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்தார். எண்ணைப் பார்த்ததும் இன்னொரு விரலைக் குத்தினார். அதே எண். ஒரு குழாயில் ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டு, குளுகோஸை நரம்பில் ஏற்றினார். பலனில்லை. எட்டு மணிக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

"சர்டிஃபிகேட் குடுத்துடுங்க டாக்டர்," என்றான் மகன், கண்ணைத் துடைத்தபடி. "எட்டு மாசமா கஷ்டப்பட்டாங்க. இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்."

"குடுக்க முடியாது," என்றார் டாக்டர். "உங்க அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. அப்படிப்பட்ட உடம்புல சர்க்கரை இந்த அளவுக்குத் தானா இறங்காது. யாரோ இறக்கியிருக்காங்க."

செத்துப்போனவரை அந்தத் தெருவில் எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்களே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்களாம். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போயிற்று.

ஒன்பதரை மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. கடைவாய்ப் பல் வலி. கன்னத்தில் ஒரு கிராம்பு. அதனால் அன்றைக்கு அவர் வாயிலிருந்து வார்த்தைகள் எண்ணி எண்ணித்தான் வந்தன. பின்னால் ஏட்டு.

முதலில் மருமகள்.

"நைட்டு என்ன சாப்பிட்டாங்க?"

"எட்டு மணிக்கு சூப். நான்தான் குடுத்தேன். வழக்கம்போல ஒரே ரகளை. வாயை இறுக்கி மூடிப்பாங்க. மூக்கைப் பிடிச்சாத்தான் திறக்கும்."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தினமும் மூக்கைப் பிடிப்பீங்களா?"

"வேற என்ன பண்றது? நாள் பூரா கடையில நின்னுட்டு வந்து, இவங்களோட ஒரு மணி நேரம் மல்லுக்கட்ட முடியுமா? ஒன்பது மணிக்கெல்லாம் எனக்குக் கண்ணு சொக்கிடும். அப்புறம் படுக்கற நேரத்துக்குப் பால் குடுக்கறது இவரு பொறுப்பு."

"பேச மாட்டாங்களா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடென்று நினைவு வந்து அடக்கிக்கொண்டாள்.

"பேச்சு இல்ல மேடம், நேத்து ஒரே ஒரு வார்த்தை வந்ததோட சரி. எழுத்து மட்டும் வரும், இங்கிலீஷ் எழுத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதுசுல 'ஏ.சி., ஏ.சி.'ன்னு கத்துவாங்க. நானும் ஓடிப்போய் ஏசியைப் போடுவேன். வெடவெடன்னு நடுங்கிட்டே மறுபடியும் 'ஏ.சி.'ம்பாங்க. அப்புறம் இவருதான் வந்து அணைச்சாரு. 'அந்த ஏசி இல்லடி, சாப்பாட்டுக்கு முன்னாடி போடற வயித்து மாத்திரையைக் கேக்கறாங்க'ன்னாரு."

"வேற?"

"என்.பி.எம். அதை மட்டும் என்னைப் பாத்தாத்தான் சொல்வாங்க. 'நல்ல பொண்ணு மருமக'ன்னு அர்த்தமாம். தெருவுக்கே தெரியும். போற வர்றவங்க எல்லாம் 'என்னம்மா என்.பி.எம்., சவுக்கியமா?'ன்னு என்னைக் கேலி பண்ணுவாங்க. அதோட எச்.எஸ்.னு சேர்த்துப்பாங்க. தான் படிச்ச ஹை ஸ்கூலை நினைச்சுக்கறாங்களோ என்னவோ."

"சர்க்கரை மாத்திரை இந்த வீட்ல யாருக்கு?"

சிரிப்பு நின்றது. "எனக்குத்தான். ஃபிரிட்ஜ் மேல இருக்கும். ஒரு மாசமா சீக்கிரமே தீர்ந்துபோகுது. மறந்துட்டு ரெண்டு தடவை போட்டுக்கறேனோன்னு பயந்துட்டிருந்தேன்."

"உங்களுக்கு மயக்கம் வந்துச்சா?"

"இல்லையே. அவங்களுக்குத்தான் இந்த மாசத்துல மூணு தடவை வந்துச்சு. தானாவே தெளிஞ்சுடும். மறுபடியும் வாதமோன்னு நினைச்சோம்."

அடுத்து பணிப்பெண். சமையலறை மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நீ நர்ஸா?"

"இல்லீங்க மேடம். தூக்கறது, துடைக்கறது, ஊட்டறது, அவ்வளவுதான். காலையில ஏழு மணிக்கு வந்தா சாயங்காலம் ஏழுக்குப் போயிடுவேன்."

"உன்கிட்டயும் சாப்பிட மாட்டேன்னாங்களா?"

"குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாங்க மேடம்! என்.பி.எம்.னு என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நான் கிளம்பும்போது மட்டும் கையைப் பிடிச்சுப்பாங்க. விடவே மாட்டாங்க. 'எச்.எஸ்., எச்.எஸ்.'ம்பாங்க. போயிட்டு வான்னு சொல்றாங்களாக்கும்னு நினைச்சு, 'சரிம்மா, காலையில வந்துடறேன்'னு விரலைப் பிரிச்சு எடுத்துட்டுப் போவேன்."

"காலையில வந்ததும் முதல் வேலை?"

"வலது கன்னத்துக்கு அடியில இருக்கற துண்டை மாத்தறது. அந்தப் பக்கம் வாய் நிக்காது மேடம், ஒழுகிடும். ஒரு மாசமா அந்தத் துண்டு விறைச்சுப்போய்ப் புளிச்ச வாடை அடிக்குது."

"இன்னைக்குத் துண்டு?"

"அழுக்குக் கூடையில போட்டேன். இன்னைக்கு அவ்வளவா நனையல."

"நேத்தைய துண்டு?"

"அதுவும் அங்கதான் இருக்கு. இன்னும் துவைக்கல."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூடையைத் தேடிப் போனார்.

மகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு கம்பெனியில் மேலாளர். மென்மையான குரல். ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா என்று வாசலில் பேசிக்கொண்டது உள்ளேயே கேட்டது.

"பால் நீங்க குடுத்தீங்களா?"

"தினமும் நான்தான் மேடம். என் கையால ஒரு டம்ளர். அதுதான் எங்க ரெண்டு பேருக்குமான நேரம்."

"குடிச்சாங்களா?"

"கொஞ்சம் கொஞ்சமா. பொறுமையாக் குடுக்கணும்."

"அம்மா ஏதோ எழுத்தெல்லாம் சொல்வாங்களாமே?"

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது மேடம். சின்ன வயசுல நான் ஹாஸ்டல்ல இருந்தேன். அம்மாவோட வேலையைப் பத்தி எதுவும் தெரியாது. உளர்றாங்கன்னு விட்டுடுவோம்."

இன்ஸ்பெக்டர் வாசலுக்கு வந்து டாக்டருக்கு போன் போட்டார். கிராம்பைக் கன்னத்தின் மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"என்.பி.எம்.னா என்ன டாக்டர்?"

"வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டில்ல எழுதித் தொங்க விடுவோம். ஏன் கேக்கறீங்க?"

"எச்.எஸ்.?"

"படுக்கப்போற நேரத்துல."

"பேச்சு போன ஒருத்தர் இதையெல்லாம் அர்த்தத்தோட சொல்ல முடியுமா?"

"வாதம் வந்தவங்க சிலருக்குப் பாட்டு மட்டும் மிஞ்சும், சிலருக்கு வசவு மட்டும் மிஞ்சும். இவங்க ஆயுசு பூரா சொன்ன எழுத்து மிஞ்சியிருக்கு. அர்த்தத்தோட சொல்லலாம். இதை வீட்ல ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே! பயிற்சி குடுத்தா வார்த்தையே திரும்பி வரும்னு சொல்லி, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நான்தான் ஒரு ஆளை ஏற்பாடு பண்ணினேன்."

ஜீப்பில் ஏறியதும் ஏட்டு தீர்ப்பு எழுதிவிட்டார். "மருமகதான் மேடம். மாத்திரை அவளோடது. மூக்கைப் பிடிச்சு ஊட்டினதும் அவ. என்.பி.எம்.னு அந்தம்மா அவகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"பல் டாக்டர் வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டியை அங்க விடச் சொல்லுங்க."

நான்காம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அன்று மாலையே இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுக்குப் போனார். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, இப்போது நன்றாகப் பேச வந்தது. கூடத்தில் மகன், மருமகள், பணிப்பெண் மூவரும் இருந்தார்கள்.

"டாக்டர் எடுத்து வச்ச ரத்தத்துல சர்க்கரை மாத்திரை இருந்திருக்கு," என்றார்.

மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான் போடல மேடம். சத்தியமா நான் போடல."

"அந்த என்.பி.எம்.முக்கு 'நல்ல பொண்ணு மருமக'ன்னு அர்த்தம் சொன்னது யாரும்மா?"

மருமகள் விழித்தாள். "இவருதான். ஒரு மாசமிருக்கும். அவங்க அதையே விடாம சொல்லவும், என்ன அர்த்தம்னு இவரைக் கேட்டேன். சிரிச்சுட்டே சொன்னாரு."

"ஏ.சி.க்கு அர்த்தம் சொன்னதும் இவருதானே? அது சரியான அர்த்தம். நர்ஸ்களுக்கு மட்டுமே தெரிஞ்ச எழுத்தைச் சரியாச் சொன்ன ஆளு, இதை மட்டும் ஏன் மாத்திச் சொல்லணும்? தெரியாதுன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே? என்கிட்ட எந்த எழுத்துமே தெரியாதுன்னாரு. ஏன்?"

இன்ஸ்பெக்டர் மகனுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா சொன்னது வெறும் என்.பி.எம். இல்ல. கூடவே எச்.எஸ். படுக்கப்போற நேரத்துல வாய் வழியா எதுவும் குடுக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க. சூப் குடுக்கறது எட்டு மணிக்கு. படுக்கற நேரத்துக்குக் குடுக்கறது பால். சார், நீங்க ஒரு வார்த்தையில மழுப்பினது அதைத்தான்." பணிப்பெண் பக்கம் திரும்பினார். "நீ கூடையில போட்டிருந்த முந்தின நாள் துண்டு முழுக்கப் பால். அந்தப் பால்ல மாத்திரை. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்க. உணர்ச்சி இல்லாத கன்னத்துல பாலை ஒதுக்கி வச்சு, விளக்கணைச்சதும் துண்டுல விட்டிருக்காங்க. ஒரு மாசம் அப்படித்தான் உசுரைக் காப்பாத்திக்கிட்டாங்க. உள்ளே இறங்கின அன்னைக்கெல்லாம் மயக்கம். கடைசி ராத்திரித் துண்டு மட்டும் காய்ஞ்சிருக்கு. அன்னைக்கு என்ன பண்ணினீங்க சார்?"

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "உணர்ச்சி இருக்கற இடது பக்கமா சாய்ச்சு உட்கார வச்சேன்," என்றான், அதே மென்மையான குரலில். "தொண்டையைத் தடவிக் குடுத்தேன். முழுங்கற வரைக்கும்."

பணிப்பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மருமகளுக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது. "அப்போ... என்கிட்ட தினமும்..."

"உங்களைக் குத்தம் சொல்லலம்மா. உங்ககிட்ட கெஞ்சியிருக்காங்க, அது புரியணும்னுதான் சூப்புக்கும் வாயை மூடியிருக்காங்க. ராத்திரியில இவரைத் தவிர வீட்ல இருந்தது நீங்க ஒரு ஆளுதான். ராத்திரி என்னை அவன்கிட்ட தனியா விடாதேன்னு கேட்டிருக்காங்க."

"எனக்குத் தெரியாதே மேடம்!"

"தெரியாதுதான். அதுக்கு உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. மூக்கைப் பிடிச்சதுக்கு முடியும். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க."

அவள் கணவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஏட்டு விலங்கை எடுத்தார். இன்ஸ்பெக்டர் கையால் தடுத்தார். "ஒரு நிமிஷம். ஏன் சார்? பேசவும் முடியாம, எழுந்திரிக்கவும் முடியாம கிடந்தவங்க. அவங்களால உங்களுக்கு என்ன ஆபத்து?"

அவன் நிறுத்தாமல் பேசினான். சொல்லி முடித்துவிட்டால் போதும் என்பது போல இருந்தது.

"இந்த வீட்டை என் பேருக்கு எழுதச் சொல்லி அவங்களோட சண்டை. வாதம் வந்த அன்னைக்குக் காலையிலயும் சண்டைதான். இவ கடைக்குப் போயிட்டா. அம்மா சமையலறை வாசல்லயே சரிஞ்சாங்க. வாய் கோணிக்கிச்சு. 'ஸ்டாட், ஸ்டாட்'னாங்க. உடனேன்னு அர்த்தம். நான் நாற்காலியில உட்கார்ந்தேன். கையில டீ இருந்துச்சு. எவ்வளவு நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். படுத்துக்கிட்டே சுவர்க் கடிகாரத்தைப் பாத்தாங்க. நானும் அதையேதான் பாத்துட்டிருந்தேன். மத்தியானம் இவ சாப்பிடத் திரும்பி வந்து கத்தினப்புறம்தான் ஆம்புலன்ஸ்."

"அதை வெளியில சொல்லிடுவாங்கன்னு பயம்."

"முதல்ல பயமில்ல. பேச்சுதான் போயிடுச்சே. அப்புறம் அந்தப் பயிற்சிக்காரப் பொண்ணு வர ஆரம்பிச்சுது. உதடு அசைய ஆரம்பிச்சுது. அதனாலதான் பால்ல... ஆனா சாகல. போன செவ்வாய்க்கிழமை, அவங்களோட கடைசி நாள் சாயங்காலம், முகத்துக்கு நேரா கண்ணாடியைப் பிடிச்சு, எதாவது சொல்லுங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. முதல் வார்த்தை வந்துச்சு. என் பேரு. முழுசா, தெளிவா. அந்தப் பொண்ணு கைதட்டிச்சு. இவ அடுப்படியிலிருந்து ஓடி வந்து, பிள்ளை மேல என்ன பாசம் பாருங்கன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டா. நானும் கைதட்டினேன்."

"அப்புறம்?"

"அம்மா என்னையே பாத்துட்டிருந்தாங்க மேடம். அடுத்த வார்த்தைக்கு வாயைக் குவிச்சுட்டிருந்தாங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஏட்டு விலங்கைப் பூட்டினார்.