மங்கிப்போன கடைசிப் படம்

புதன்கிழமை, மாலை 7.40.

திருப்பதி ரேணிகுண்டா சாலையில், மாடியிலிருந்த போட்டோ ஸ்டூடியோவில் ஜெயச்சந்திரன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தான். தூங்குகிறவன் போலத்தான் தெரிந்தது. தோளைத் தொட்டு உலுக்கிய பாலசுந்தரம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உடம்பு சில்லிட்டிருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் யமுனா வந்தபோது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மேஜைமேல் முக்காலியில் கேமரா நின்றது. லென்ஸ் இல்லை. எதிரே சாய்வாக வைத்த பலகையில் ஒரு கட்டம்போட்ட லுங்கி. அதன் நடுக்கட்டத்தில் சிவப்பு நூல் தைத்திருந்தது. பக்கத்தில் காலி டீ கிளாஸ்.

அறை முழுக்கத் தூசி. மேஜையின் நடுப்பகுதி மட்டும் துடைத்து வைத்தாற்போல இருந்தது.

"நீங்க யாரு?"

"ஸ்டூடியோவுல கூட்டாளிங்க மேடம். பாலசுந்தரம்." மொட்டைத் தலையில் சந்தனம். கையில் லட்டு கவர். "மலைக்குப் போய்ட்டு இப்பதான் எறங்கினேன். நேரா இங்கதான் வரேன். பிரசாதம் குடுக்கலாம்னு. கவரைக்கூடப் பிரிக்கல, பாருங்க. அதுக்குள்ள இப்படி..."

"என்ன காணோம்?"

"வைடு லென்ஸ் மேடம். அவன் தம்பி குவைத்திலிருந்து அனுப்பினது. இருட்டு மண்டபத்துல ஃபிளாஷ் இல்லாம எடுக்கலாம். ஊர்ல வேற யார்கிட்டயும் கிடையாது."

"இங்க வேற யார் வேலை செய்யறாங்க?"

"அசிஸ்டென்ட் சுரேஷ்பாபு. நகரிக்காரன். சாயங்காலம் டீ கொண்டாந்து குடுத்துட்டுப் போனதாக் கீழ்க்கடைக்காரன் சொல்றான். நேத்து ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை." குரலைத் தாழ்த்தினார். "அவன் நாளைக்கு ராத்திரி குவைத்துக்குப் பிளேன் ஏறறான் மேடம்."

வியாழன், காலை 11.00.

சுரேஷ்பாபு ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தான். விசா அடித்த பாஸ்போர்ட் யமுனாவின் மேஜை டிராயரில். நகரியில் விசைத்தறி ஓட்டும் அவன் அக்கா செல்வி விடிந்ததிலிருந்து வாசல் தூணோரம் நின்றாள்.

"அம்மா, இவன் போனாத்தாம்மா எங்க வீட்டுல அடுப்பு எரியும். இன்னிக்கு விட்டா இந்த விசா மறுபடி வராது."

பிரேதப் பரிசோதனை தகவல் வந்திருந்தது. வயிற்றில் தூக்க மாத்திரை, அளவுக்கு மிஞ்சி. ஏற்கெனவே பலவீனமான இதயம். ஆனால் டீ கிளாஸில் டீயைத் தவிர எதுவும் இல்லை.

கான்ஸ்டபிள் ரமணா தலையைச் சொறிந்தார். "மேடம், ராத்திரி பாலசுந்தரம்கிட்ட வாங்கி வெச்ச கவர்ல பிரசாதம் சும்மா கெடக்குது. எறும்பு துன்றதுக்கு முன்னாடி நாம..."

"வாயை வெச்சீங்க, அடுத்த பிரேதப் பரிசோதனை உங்களுக்குத்தான்." யமுனா கவரைப் பிரித்தாள். நான்கு லட்டு. அதில் ஒன்று பாதிதான் இருந்தது. அவள் கவரை மறுபடி முடிந்து அலமாரியில் பூட்டினாள். பிறகு லாக்கப் பக்கம் போனாள்.

"சண்டை எதுக்கு?"

"புத்தலப்பட்டு கல்யாணத்துல நான் எடுத்ததெல்லாம் பொண்ணு முகம் மங்கல், பின்னால நின்னவங்க பளிச்சுன்னு வந்துச்சு. உன் கை ஆடுதுன்னார் ஓனர். இல்லண்ணா, லென்ஸுதான் கெட்டுப்போச்சு, வெச்சுப் பாருன்னேன். பெட் கட்டினோம்."

"எப்படி வெச்சுப் பார்ப்பீங்க?"

"எங்கூட்டுத் தறி லுங்கிதான் மேடம். கட்டம் எல்லாம் ஒரே அளவு. சாய்ச்சு வெச்சு, லென்ஸை முழுசாத் திறந்து, நடு நூலைப் பார்த்து அமுக்கணும். நூல் கூர்மையா இருந்தா லென்ஸு சரி. பின்கட்டம் கூர்மையா இருந்தா, பின்னால குத்துதுன்னு அர்த்தம். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைச்சுட்டு மறுபடி அமுக்கணும். எப்பவும் ஒரே இடத்துல தப்புதா, கண்டபடி தப்புதான்னு அப்பதான் தெரியும்."

"கை பட்டா ஆடாதா?"

"பத்து செகண்டு டைமர் போட்டுடுவோம். அமுக்கினதும் ஃபோகஸ் புடிச்சுக்கும். படம் அப்புறமா விழும்."

யமுனா அலமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஓனர் ஸ்வீட் துன்னுவாரா?"

"சக்கரை வியாதி மேடம். கல்யாண வீட்டுல கேசரி வெச்சாக்கூட இலையில ஓரமா ஒதுக்கிடுவார்."

"நீ கடைசியா மலைக்கு எப்பப் போன?"

"நைனா செத்து மூணு மாசம்தான் ஆவுது. வருஷம் திரும்பாம நாங்க மலை ஏறக்கூடாதே!"

பகல் 2.30. ஸ்டூடியோ.

கம்ப்யூட்டர் முன்னால் யமுனா. பக்கத்தில் விலங்கோடு சுரேஷ்பாபு. நாற்காலியில் பாலசுந்தரம். வாசலில் ரமணா.

திரையில், கேமரா கார்டிலிருந்து திறந்த, முந்தின நாள் ஜெயச்சந்திரன் எடுத்த சோதனைப் படங்கள். எல்லாவற்றிலும் சிவப்பு நூல் மங்கல், அதற்குப் பின்னால் மூன்றாவது கட்டம் கூர்மை. மாறவே இல்லை.

"இது போன மாசம் வரைக்கும் இருந்துச்சா?"

சுரேஷ்பாபு பழைய கல்யாணப் படம் ஒன்றைத் திறந்தான். மணப்பெண்ணின் இமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். "இதுவும் முழுசாத் திறந்து எடுத்ததுதான் மேடம். அந்த லென்ஸு இப்படிக் குத்தவே குத்தாது."

"நடுவுல லென்ஸ் யார் கைக்குப் போச்சு?"

"சுந்தரண்ணன்தான் கிளீன் பண்ண மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போனாரு."

பாலசுந்தரம் சிரித்தார். "கிளீன் பண்ற எடத்துல ஆட்டியிருப்பான். லென்ஸு கெட்டா கொலையா மேடம்?"

"கெட்ட லென்ஸுன்னு உங்க மூணு பேருக்கும் தெரியும். அப்புறம் அதை யார் திருடுவாங்க? விக்கறதுக்குன்னா கேமராவையே தூக்கியிருக்கலாம். சுரேஷுக்கு அந்த லென்ஸு இங்க இருந்தாத்தான் பெட் ஜெயிக்கும். அது காணாமப் போகணும்னு ஒருத்தருக்குத்தான் அவசியம். குவைத்திலிருந்து வந்த லென்ஸை வித்துட்டு, அதே மாதிரி ஓட்டை லென்ஸை மாட்டி வெச்சவருக்கு."

"யூகம் மேடம்."

"சரி. கடைசிப் படம் போடு சுரேஷ்."

மாலை 5.52 என்று காட்டிய படம். லுங்கி முழுக்க மங்கல். நூலும் இல்லை, மூன்றாவது கட்டமும் இல்லை. வெறும் கலங்கல் நிறம்.

"இதெல்லாம் வேஸ்ட் படம் மேடம்" என்றார் பாலசுந்தரம். "லென்ஸு தடுமாறியிருக்கு."

"பத்தொன்பது தடவை ஒரே இடத்துல தப்பின லென்ஸு, இருபதாவது தடவை மட்டும் ஏன் தடுமாறணும்? படம் மங்கல்னதும் எல்லாரும் கண்ணை எடுத்துடறீங்க. எது கூர்மையா இருக்குன்னு பார்க்கறதில்ல. கீழ் ஓரத்தைப் பெரிசாக்கு."

சுரேஷ்பாபு பெரிதாக்கினான். கேமராவுக்கு ஒரு முழம் முன்னால், மேஜைப் பலகையில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் தெளிவாக இருந்தது. மரத்தின் கோடுகள். அவற்றின்மேல் நாலைந்து நெய் மினுக்கும் பூந்தி. ஒரு கற்கண்டுத் துண்டு.

யமுனா திரையில் அந்தப் பூந்தியைத் தொட்டுக் காட்டினாள்.

"ஜெயச்சந்திரன் பட்டனை அமுக்கின நேரத்துல கேமராவுக்கு நேரா ஒரு கை நீண்டிருக்கு. ஃபோகஸ் அந்தக் கையில புடிச்சுடுச்சு. அவர் பிரசாதத்தை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கறதுக்குள்ள கை வெலகிப் போச்சு. பத்து செகண்டு கழிச்சுப் படம் விழுந்தது. பின்னால குத்தற லென்ஸு இல்லியா, கைக்குக் கீழே கொஞ்சம் பின்னால உதிர்ந்தது மட்டும் கூர்மையா வந்துடுச்சு. சக்கரைக்காரர் ஸ்வீட்டை ஒதுக்குவார். மலையிலிருந்து மொட்டை போட்டுக்கினு வந்தவர் நீட்டற லட்டை ஒதுக்குவாரா?" யமுனா திரும்பினாள். "கவரைப் பிரிக்கவே இல்லன்னீங்க. உள்ளே ஒரு லட்டு பாதிதான் இருக்கு. ஏழரைக்கு மேலதான் வந்தேன்னீங்க. ஆறு மணிக்கு முன்னாலயே லட்டு மேஜையில உதிர்ந்திருக்கு."

"உதிரியை... எவன் வேணா..."

"நீங்க மேஜையைத் துடைச்சீங்க. பலகை இடுக்கைத் துடைக்கல." அவள் ஊசியால் இடுக்கைக் கிளறினாள். இரண்டு பூந்தி வெளியே வந்தன. அவற்றின்மேல் வெள்ளையாக ஏதோ மாவு. "இது லேபுக்குப் போகும்."

பாலசுந்தரத்தின் மொட்டைத் தலையில் வியர்வை துளிர்த்தது. சந்தனம் கரைந்து புருவத்தில் இறங்கியது.

"சாவான்னு நெனைக்கல மேடம்" என்றார் மெதுவாக. "நாளைக்கே லென்ஸை மெட்ராஸுக்கு அனுப்பறேன்னான். அங்க லென்ஸு நம்பரைப் பார்த்தா, மாத்தினது தெரிஞ்சு மாட்டிக்குவேன். அவன் தூங்கினா லென்ஸை எடுத்துட்டு, திருடு போச்சுன்னு சொல்லிடலாம்னு... என் பையனும் குவைத் போகணும்னுதான் மேடம் அசல் லென்ஸை வித்தேன். மறுபடி வந்து பார்த்தா, மூச்சு இல்ல."

"படத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மங்கல். ஆள் யாரும் தெரியல."

"இருந்தாலும் கார்டை உருவிக்கினு போயிருக்கலாமே?"

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியே அவருக்கு விளங்காதது போலப் பார்த்தார்.

"புத்தலப்பட்டு முகூர்த்தம் அதுலதான் இருக்குது மேடம். இன்னும் காப்பி போடல. கார்டு போச்சுன்னா பொண்ணு வீட்டுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

ரமணா சுரேஷ்பாபுவின் விலங்கைக் கழற்றிப் பாலசுந்தரத்துக்கு மாட்டினார். யமுனா ஸ்டேஷனுக்குப் போன் செய்து, பாஸ்போர்ட்டைச் செல்வியிடம் கொடுக்கச் சொன்னாள். இப்போது பஸ் பிடித்தால் ராத்திரிக்குள் மெட்ராஸ் விமான நிலையம் போய்விடலாம்.

"கெளம்பு. குவைத்துல உங்க ஓனர் தம்பியைப் பார்ப்பியா?"

"அவர் ரூம்லதான் மேடம் தங்கப்போறேன். விசா எடுத்துக் குடுத்ததே அவர்தான்." சுரேஷ்பாபு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "அண்ணனுக்கு அனுப்பின லென்ஸு என்னாச்சுன்னுதான் மொதல்ல கேப்பார்."

அவன் உடனே கிளம்பவில்லை. கார்டிலிருந்த புத்தலப்பட்டுக் கல்யாணத்தை முழுக்கக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தான். மங்கலான முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. முடிந்ததும் சாய்வுப் பலகையிலிருந்து லுங்கியை உருவி மடித்தான். சிவப்பு நூலைப் பிரிக்காமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டு, மழையில் படியிறங்கினான்.