கருப்புக் கவர்

"ஒரு பாக்கெட் நாப்கின் குடுங்க. எக்ஸ்ட்ரா லார்ஜ்."

சிந்துஜா சத்தமாகத்தான் கேட்டாள். சிதம்பரம் தெற்கு வீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது... மெதுவாகக் கேட்டால் யார் காதில் விழும்? ஆனால் மழைக்கு ஒதுங்கி அந்த மருந்துக் கடைக்குள் நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பாக்கெட்டை எடுத்தான். பழைய பேப்பரில் சுற்றினான். கருப்புக் கவரில் போட்டான். முடிச்சும் போட்டு நீட்டினான்.

"இது இன்னா சார், திருட்டு நகையா?"

அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். பெரிய, சாதுவான கண்கள்... இமை ஓரத்தில் கூச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லீங்க... எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்போம்."

"எல்லாருக்குமா? இப்ப அந்த அண்ணனுக்கு மூலத்துக்கு மருந்து குடுத்தீங்க. வெள்ளைக் கவரு, உள்ள இருக்கிறது பளிச்சுன்னு தெரியுது. போதாததுக்கு 'எரிச்சல் ஜாஸ்தியா இருந்தா ரெண்டு வேளை தடவுங்க'ன்னு கோயில் வரைக்கும் கேக்கிற மாதிரி சொன்னீங்க. அவருக்கு இல்லாத ரகசியம் எனக்கு எதுக்கு?"

அந்த அண்ணன் மழையென்றும் பாராமல் தெருவில் இறங்கி நடந்தார்.

கடைக்காரன் உதட்டைக் கடித்தான். முடியவில்லை. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது... சிரித்தபடியே முடிச்சை அவிழ்த்து, பேப்பரைப் பிரித்து, பாக்கெட்டை மட்டும் எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"சாயங்காலம் மேல வீதி மண்டபத்துல ஷோ இருக்கு. நான்தான் பேசறேன். உங்களைப் பத்திப் பேசினாலும் பேசுவேன்... வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனாள்.

சிந்துஜாவுக்கு ஊர் கடலூர் முதுநகர். வார நாட்களில் ஒரு டூவீலர் ஷோரூமில் வண்டி விற்பாள். வாரக் கடைசியில் மைக்கைப் பிடித்து மேடையில் தனியாக நின்று ஊரைச் சிரிக்க வைப்பாள். பெண் பார்க்க வருகிறவர்கள், பஸ்ஸில் இடிக்கிறவர்கள், 'பொம்பளப் புள்ளைக்கு வாய் எதுக்கு' என்று கேட்கிறவர்கள்... எல்லோரும் அவள் வாயில் விழுந்து எழுந்துதான் போக வேண்டும்.

அன்று அந்த மருந்துக் கடையும் விழுந்தது. கடைசி வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பின்னால், தூண் ஓரத்தில்... அவன். காது இரண்டும் சிவந்து போயிருந்தன. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சிந்துஜாவுக்கு அடுத்த வரி மறந்துவிட்டது.

அவன் பெயர் செம்பியன். கீரப்பாளையத்துக்காரன். பி.ஃபார்ம் முடித்துவிட்டு, அப்பா தங்கராசு நடத்தும் 'அமிர்தம் மெடிக்கல்ஸ்' கடையைப் பார்த்துக்கொள்கிறான். மறுமுறை அவள் போனபோது நாப்கின் பாக்கெட்டுகள் கீழ்த்தட்டிலிருந்து கண்ணாடி அலமாரிக்கு ஏறியிருந்தன. அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அதற்குப் பிறகு சிந்துஜாவுக்கு அடிக்கடி தலை வலித்தது. அதுவும் சிதம்பரம் வந்தால் மட்டும்.

"எப்பலேர்ந்து தலைவலி?" என்பான் அவன், முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு.

"இந்தக் கடையைப் பாத்ததுலேர்ந்து."

"அதுக்கு மாத்திரை கெடையாதுங்க."

"அப்ப நீங்க இன்னா மருந்துக் கடைக்காரரு?"

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வருவான். ஒரே குடை. அவன் வலது தோள் முழுக்க நனைந்துவிடும். அவளுக்கு அது தெரியும்... தெரிந்தும் தெரியாத மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தால்தான் என்ன என்று இருக்கும்.

அந்த நேரத்தில்தான் யாரோ அவள் பேசியதைப் படம் பிடித்துப் போட, அது செல்போன் செல்போனாகப் பரவியது. அவள் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தெற்கு வீதிக்குத் தெரியாதா? தங்கராசு கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே வாலிபர்கள் வந்தார்கள். "மாமா, ஒரு கருப்புக் கவரு குடுங்க. உள்ள ஒண்ணும் வேணாம்." தங்கராசு எழுந்து வீட்டுக்குப் போனவர் கடைக்குத் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வைத்துச் செம்பியன் கேட்டான். அவள் கண்ணைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்தக் கடை ஜோக் ஒண்ணை மட்டும் எடுத்துடுங்களேன், சிந்துஜா."

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"எங்கம்மா, சொந்தக்காரங்களைப் பத்தின ஒண்ணை மட்டும் விடச் சொன்னாங்க. மேனேஜரு ஷோரூமைப் பத்தின ஒண்ணை மட்டும். இப்ப நீங்க... எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கிறீங்க செம்பியன். எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் மேடையில நான் இருக்க மாட்டேன், மைக்குதான் நிக்கும்."

"எங்கப்பா சரியா சாப்பிடறதில்லங்க..."

கடலூர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மழை வழிந்தது. அவன் நின்ற இடம் மட்டும் கலங்கலாகத் தெரிந்து... பிறகு அதுவும் தெரியாமல் போனது.

வீட்டுக்குப் போனதும் அந்த வீடியோவைப் போட்டவனைத் தேடிப் பிடித்து எடுக்கச் சொன்னாள். மேடையிலும் அதைப் பேசுவதை விட்டுவிட்டாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்றுவிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தாள்.

ஷோரூமில் வண்டிக்கு விலை சொல்லும்போதும், திருவந்திபுரம் கோயில் படிகளில் நின்று கெடிலம் ஆற்றில் மழை விழுவதைப் பார்க்கும்போதும் அவன் நனைந்த தோள்தான் ஞாபகத்தில் வந்தது. போனில் அவன் பெயரை எடுப்பாள்... பார்ப்பாள்... வைத்துவிடுவாள். மேடையில் ஊரே சிரிக்கும். அவளுக்குத் தூண் ஓரம் காலியாக இருப்பது மட்டும்தான் தெரியும்.

அவனுக்கும் அதே கதிதான். கடலூர் பஸ் வரும் நேரமெல்லாம் கடை வாசலை எட்டிப் பார்ப்பான். யாராவது தலைவலிக்கு மாத்திரை கேட்டால் சட்டென்று நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தங்கராசுதான் பேச்சை எடுத்தார்.

"அந்தப் பொண்ணு அந்த வீடியோவை எடுத்துடுச்சாம்ல. எவனோ சொன்னான். நல்லது. பொம்பளைங்க சமாச்சாரத்தை மேடையில பேசறதா?"

செம்பியன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எடுத்துவிட்டாளா? ஏன் சொல்லவில்லை?

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அமிர்தம் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கடை போர்டுல என் பேரை எழுதி வச்சிருக்கீங்க. அந்தக் கடையிலேர்ந்து ஒரு பாக்கெட் எடுத்துட்டு வாங்கன்னு உங்ககிட்ட கேக்க எனக்கு ஒரு நாளும் வாய் வரல. நின்னு போற வரைக்கும் பழைய பொடவையைக் கிழிச்சிதான் வச்சிக்கிட்டேன். ஊருக்கெல்லாம் சுத்திச் சுத்திக் குடுத்தீங்க... எனக்கு வேணுமான்னு நீங்களும் கேக்கல."

தங்கராசுவின் கை தட்டிலேயே நின்றது.

"அந்தப் பொண்ணு பேசினதைச் செல்லுல திருப்பித் திருப்பிக் கேட்டேன். சிரிச்சிக்கிட்டே அழுதேன். இப்ப அது காணோம்" என்றாள் அமிர்தம்.

தங்கராசு மனைவியை நிமிர்ந்து பார்க்க முயன்று, முடியாமல், மகனைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு... அடுத்தது எங்கடா பேசுது?"

அடுத்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில். செம்பியன் கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். நடுவில் சில பெண்கள் குரல் கொடுத்தார்கள்: "அக்கா, மருந்துக் கடை சொல்லுங்க..."

"அதை விட்டாச்சு" என்றாள் சிந்துஜா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்கள் சிரிக்கவில்லை. அது அவனுக்கு மட்டும் தெரிந்தது.

முடிந்து அவள் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்து முகப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் கால்கள் தாமாக நின்றன.

"ஏங்க விட்டீங்க?"

"நீங்கதான கேட்டீங்க."

"கேட்டேன். தப்பாக் கேட்டுட்டேன்." அம்மா சொன்னதையெல்லாம் சொன்னான். அப்பா மறுபடி கடைக்கு வந்துவிட்டதைச் சொன்னான். "அம்மா அதை நேர்ல கேக்கணுமாம். பேசுங்க. ஊரு கேலி பண்ணட்டும், நாங்க இருந்துக்கிறோம்."

"இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

அவன் மழையைப் பார்த்தான். அவள் திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"இல்ல... இருங்க." அவன் குறுக்கே வந்து நின்றான். "உங்க வாயைப் பாத்துதாங்க எனக்கு உங்களைப் புடிச்சது. அதுலேர்ந்தே ஒரு துண்டை வெட்டச் சொல்லிக் கேட்டேன் பாருங்க... அதை நெனச்சு நெனச்சு ராத்திரி தூக்கமில்ல. எனக்கு உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும். என்னை வச்சும் பேசுங்க, எங்க வீட்டை வச்சும் பேசுங்க. நான் முன் வரிசையிலேயே உக்காந்திருக்கேன்."

சிந்துஜா வாயைத் திறந்தாள். ஏதாவது வரும்... எப்போதும் வரும். அவனைச் சிரிக்க வைத்து, தன்னையும் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை. ஒன்றும் வரவில்லை. கண்தான் நிறைந்தது.

"ஏதாவது சொல்லுங்களேன், சிந்துஜா..."

அவள் அருகே வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டாள். மேடையில் ஒரு நாளும் கேட்டிராத, அத்தனை சின்னக் குரலில் சொன்னாள்.

"எனக்கும் உங்களை ரொம்பப் புடிக்கும்... நீங்க இல்லாம என்னால முடியல, செம்பியன்."